கேமிங் பிசிக்கு ஹெட்போனா, சவுண்ட் கார்டா: பத்தாயிரம் ரூபாயை எதில் போடுவது?

ஒருவர் கேட்ட கேள்வியின் சாரம் இது. ரைசன் 5 கணினி, மதர்போர்டில் ரியல்டெக் ஏஎல்சி887 ஒலிச் சிப். ஆடுவது பெரும்பாலும் வாலரண்ட், கவுன்டர்-ஸ்ட்ரைக் 2 என்ற துப்பாக்கிச் சண்டை கேம்கள். எதிரி எந்தப் பக்கம் வருகிறான் என்று காதுக்குப் பிடிபடுவதில்லை. கேபினட்டின் முன்பக்க ஜாக்கில் ஹெட்செட்டைச் செருகினால் மெல்லிய கீச்சொலி வேறு. ஏசி இல்லாத அறை, தலைக்கு மேல் மின்விசிறி, பக்கத்துக் கட்டிலில் தூங்கும் அண்ணன், மூக்கில் கண்ணாடி. கையில் பத்தாயிரம் ரூபாய். "7.1 ஹெட்செட் வாங்கட்டுமா? நண்பன் முதலில் சவுண்ட் கார்டு போடு என்கிறான்."

சவுண்ட் கார்டு (மதர்போர்டு ஸ்லாட்டில் தனியாகச் செருகும் ஒலி அட்டை) வேண்டாம். 7.1 (சுற்றிலும் ஏழு ஸ்பீக்கரும் ஒரு அடித்தொனி ஸ்பீக்கரும் இருப்பது போன்ற ஒலி) என்று பெட்டியில் போட்டிருப்பதற்காக ஒரு ரூபாயும் கூடுதலாகக் கொடுக்க வேண்டாம். நல்ல ஸ்டீரியோ ஹெட்போன் அல்லது இயர்போன் ஒன்று, கீச்சொலியைத் தீர்க்க, ஹெட்போனை மாட்டும் ஒரு சின்ன யூஎஸ்பி டாங்கிள். இதற்கே பத்தாயிரம் முழுதாகத் தேவைப்படாது. திசையைக் கணக்கிடுவது கேம். அந்தக் கணக்கைக் கெடுக்காமல் காதில் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் ஹெட்போனின் வேலை. சவுண்ட் கார்டுக்கு இந்த விவகாரத்தில் இன்று கிட்டத்தட்ட இடமே இல்லை.

நண்பர் சொன்னது பொய்யில்லை, பழசு, அவ்வளவுதான். சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனம் 1989-இல் முதல் சவுண்ட் பிளாஸ்டரை வெளியிட்ட காலத்தில் பெரும்பாலான பிசிகளுக்கு 'பீப்' என்று கத்தும் குட்டி ஸ்பீக்கர்தான் கதி. கேமில் இசையும் வெடிச் சத்தமும் கேட்க கார்டு இல்லாமல் முடியாது. 90-களின் கடைசியில் போட்டி முப்பரிமாண ஒலிக்கு நகர்ந்தது. ஒரு பக்கம் கிரியேட்டிவின் இஏஎக்ஸ், மறுபக்கம் ஆரியல் என்ற நிறுவனத்தின் ஏ3டி. 1998-இல் வந்த ஹாஃப்-லைஃப் இரண்டையும் ஆதரித்தது. ஆரியலின் வோர்டெக்ஸ் 2 சிப், கேமில் உள்ள சுவர்களின் அமைப்பை வைத்தே ஒலி எங்கே பட்டு எப்படித் திரும்பும் என்று கணக்குப் போட்டது. அன்றைய பிராசசரிடம் அந்தக் கணக்கைக் கொடுத்திருந்தால் கேம் நொண்டியிருக்கும். அதனால் தனிக் கார்டு வாங்குவதில் நியாயம் இருந்தது.

அந்த ஆரியலின் முடிவு பரிதாபம். கிரியேட்டிவ் போட்ட காப்புரிமை வழக்கில் 1999-இல் ஆரியல்தான் ஜெயித்தது. ஆனால் வழக்குச் செலவிலேயே நிலைகுலைந்து 2000-இல் திவாலானது. மிச்சமிருந்த சொத்தை கிரியேட்டிவே வாங்கிக்கொண்டது. அப்புறம் கிரியேட்டிவுக்கும் அடி விழுந்தது. 2007-இல் கடைகளுக்கு வந்த விண்டோஸ் விஸ்டாவில் மைக்ரோசாஃப்ட் ஒலி அமைப்பை அடியோடு மாற்றி எழுதியது. டைரக்ட்சவுண்ட் என்ற விண்டோஸ் ஒலி இடைமுகம் வழியாகக் கேம்கள் நேரடியாகக் கார்டின் சிப்பிடம் வேலை வாங்கும் பாதை அதோடு மூடப்பட்டது. அதன்பின் முப்பரிமாண ஒலிக் கணக்கெல்லாம் பிராசசருக்கே வந்துவிட்டது. இன்றைய பிராசசருக்கு அது ஒரு பொருட்டே இல்லை. 2017-இல் வால்வ் நிறுவனம் ஸ்டீம் ஆடியோ என்ற மென்பொருளை இலவசமாகவே வெளியிட்டது. கவுன்டர்-ஸ்ட்ரைக் 2-இல் திசையைக் காட்டுவது அதுதான். ஆகவே உங்கள் கணினியில் எந்தக் கார்டு போட்டாலும், கார்டு இல்லாவிட்டாலும், கேம் போடும் திசைக் கணக்கு ஒன்றுதான்.

சரி, அந்தக் கணக்கு என்ன? நம் காதுகளுக்கு நடுவே ஏறக்குறைய ஒரு சாண் தூரம். வலப்பக்கம் ஒரு சத்தம் எழுந்தால் அது இடக் காதுக்குக் கொஞ்சம் தாமதமாக வரும். அதிகபட்சம் ஒரு மில்லி விநாடியில் மூன்றில் இரண்டு பங்கு. சுமார் 1,500 ஹெர்ட்ஸுக்குக் கீழான ஒலிகளில் மூளை முக்கியமாக இந்தத் தாமதத்தை வைத்துத் திசையைப் பிடிக்கிறது. அதற்கு மேலே தலையே ஒலியை மறைத்து நிழல் போட்டுவிடும். எந்தக் காதில் சத்தம் குறைவு என்பதே அங்கே துப்பு. இடம் வலம் இப்படித் தீர்ந்துவிடும்.

சிக்கல் முன், பின், மேல், கீழ். நேர் முன்னாலிருந்து வரும் சத்தமும் நேர் பின்னாலிருந்து வரும் சத்தமும் இரு காதுக்கும் ஒரே நேரத்தில், ஒரே அளவில் வந்து சேரும். அங்கே உதவுவது காது மடல். அதன் மேடு பள்ளங்களில் பட்டு, சில உயர் அதிர்வெண்கள் தூக்கலாகவும் சில அமுங்கியும் உள்ளே போகின்றன. ஒவ்வொரு திசைக்கும் அந்த மாற்றம் வேறு. சிறு வயதிலிருந்தே நம் மூளை அதைக் கற்று வைத்திருக்கிறது. எச்ஆர்டிஎஃப் என்று கேம் அமைப்புகளில் பார்க்கிறீர்களே, அது இந்த மூன்று விளைவையும், அதாவது தாமதம், தலை நிழல், மடல் செய்யும் மாற்றம் ஆகியவற்றை, வெறும் இரண்டு சேனலுக்குள் போலியாக உண்டாக்கும் வடிகட்டி. காதுகள் இரண்டு, ஹெட்போனில் ஒலி எழுப்பும் டிரைவரும் இரண்டு. வேறொன்றும் வேண்டியதில்லை.

ஒரு குறை உண்டு. வடிகட்டியில் இருப்பது யாரோ ஒருவரின் காது, அல்லது பல காதுகளின் சராசரி, உங்கள் காது இல்லை. அதனால் எச்ஆர்டிஎஃப் போட்ட பிறகும் முன்னா பின்னா என்ற குழப்பம் சிலருக்குத் தீராது. இதற்குக் காசில்லாத வைத்தியம் இருக்கிறது. காலடிச் சத்தம் நடுவில் கேட்கிறதா? மவுஸைக் கொஞ்சம் வலப்பக்கம் திருப்புங்கள். சத்தம் இடப்பக்கம் நகர்ந்தால் ஆள் முன்னால் இருக்கிறான். வலப்பக்கமே நகர்ந்தால் பின்னால் இருக்கிறான். நிஜ வாழ்க்கையில் தலையை லேசாக அசைத்து நாம் செய்வதும் இதுதான். யாருமில்லாத மேப்பில் நண்பரை நடக்கவிட்டுக் கொஞ்ச நாள் பழகுங்கள், கை தானாகச் செய்ய ஆரம்பித்துவிடும்.

இப்போது 7.1 ஹெட்செட்டுக்கு வருவோம். இதில் இரண்டு வகை. ஒன்று, ஒவ்வொரு காதுக் கோப்பைக்குள்ளும் மூன்று நான்கு குட்டி டிரைவர்களைத் திணித்தது. காதுக்கு இரண்டு செ.மீ. தூரத்தில் எல்லா டிரைவரும் ஒட்டிக்கொண்டிருக்கும்போது 'பின்பக்க ஸ்பீக்கர்' எப்படிப் பின்பக்கமாகக் கேட்கும்? கேட்காது. இடத்துக்காகச் சிறிதாக்கிய டிரைவர்களின் தரம் குறைவதுதான் மிச்சம். நல்ல வேளையாக இந்த வகை அருகிவிட்டது. இன்று கடையில் கிடைப்பதில் பெரும்பாலானவை இரண்டாவது வகை: சாதாரண ஸ்டீரியோ ஹெட்போன், கூடவே 7.1 சேனல்களை வாங்கி இரண்டாகச் சுருக்கும் மென்பொருள் அல்லது யூஎஸ்பிப் பெட்டி. அந்தச் சுருக்கலும் ஒரு எச்ஆர்டிஎஃப்தான். கேமுக்கு எதிரி நிற்கும் இடம் துல்லியமாகத் தெரியும். அதை முதலில் ஏழு கற்பனை ஸ்பீக்கர்களுக்குப் பங்கு போட்டு, பிறகு அந்த ஏழையும் இரண்டாக்குவது சுற்றுவழி. கேமிலேயே நேரடி எச்ஆர்டிஎஃப் இருக்கும்போது அந்தச் சுற்று எதற்கு?

இதைவிட மோசம், இரண்டும் ஒன்றாக ஓடுவது. திசை தெரியவில்லை என்று சொல்பவர்களின் கணினியைப் பார்த்தால் பாதிப் பேரிடம் காரணம் இதுதான் என்று அடித்துச் சொல்வேன். வாலரண்டில் எச்ஆர்டிஎஃப் ஓடும், அதற்கு மேல் விண்டோஸிலேயே வரும் விண்டோஸ் சோனிக் என்ற சரவுண்ட், அதற்கும் மேல் ஹெட்செட் மென்பொருளின் சரவுண்ட். ஏற்கெனவே திசை சேர்க்கப்பட்ட ஒலிக்கு மறுபடி திசை சேர்த்தால் எல்லாம் கலங்கி, குளியலறைக்குள் கேட்பது போல ஆகிவிடும். விண்டோஸில் சவுண்ட் அமைப்புக்குப் போய், உங்கள் ஹெட்போனைத் தேர்ந்தெடுத்து, ஸ்பேஷியல் சவுண்டை ஆஃப் செய்யுங்கள். ஹெட்செட் மென்பொருளில் சரவுண்டை ஆஃப் செய்யுங்கள். வாலரண்டில் ஸ்பீக்கர் அமைப்பு ஸ்டீரியோ, எச்ஆர்டிஎஃப் ஆன். கவுன்டர்-ஸ்ட்ரைக் 2-இல் ஈக்யூ ப்ரொஃபைலில் 'கிரிஸ்ப்' வைத்துப் பாருங்கள். எல்/ஆர் ஐசொலேஷனை நடுவில் வைத்துத் தொடங்குங்கள். அதை முழுதாக ஏற்றினால் இடம் வலம் பளிச்சென்று பிரியும், ஆனால் நடுவில் உள்ள நுணுக்கம் போய்விடும். கையோடு விண்டோஸில், இரு காதுக்கும் ஒரே ஒலியை அனுப்பும் 'மோனோ ஆடியோ' ஆன் ஆகியிருக்கிறதா என்றும் பாருங்கள். அது ஆன் ஆகியிருந்தால் ஒரு லட்ச ரூபாய் ஹெட்போனிலும் திசை தெரியாது.

எச்ஆர்டிஎஃப் இல்லாத கேம்களும் நிறைய இருக்கின்றன. கதை சார்ந்த கேம்கள் பலவும் ஒலியை 7.1 ஸ்பீக்கருக்காகவே கலந்து தரும். அங்கே விண்டோஸ் சோனிக்கையோ டால்பி அட்மாஸையோ ஆன் செய்வதில் பொருள் உண்டு. சோனிக் விண்டோஸுடனேயே இலவசமாக வருகிறது. எப்படியானாலும் ஒரு நேரத்தில் ஒன்று மட்டும்.

இவ்வளவையும் சரி செய்தால் இப்போது கையில் உள்ள ஹெட்செட்டிலேயே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடலாம். தீர்ந்தால் பத்தாயிரத்தையும் மிச்சம் பிடியுங்கள். தீராவிட்டால் மேலே படியுங்கள்.

கேமிங் ஹெட்போனில் நான் முதலில் பார்ப்பது பேஸ் (அடித்தொனி) அளவுக்கு மீறாமல் இருக்கிறதா என்பதை. கடையில் போட்டுக் காட்டும்போது குண்டு வெடித்தால் நெஞ்சு அதிர வேண்டும், அப்போதுதான் விற்கும். ஆனால் கீழ் அதிர்வெண்ணில் பலமாக ஒரு சத்தம் ஓடும்போது அதற்கு மேலே இருக்கும் மெல்லிய சத்தங்களைக் காது தவறவிடும். நம் செவியின் அமைப்பே அப்படி. பக்கத்தில் கிரனேடு வெடிக்கும் நொடியில்தான் பின்னால் ஒருவன் நடந்து வருவான். பேஸ் அடக்கமாக உள்ள ஹெட்போனில் அந்தக் காலடி கேட்கும், பேஸ் பொங்கும் ஹெட்போனில் கேட்காது.

இரண்டாவது, இடது வலது டிரைவர்கள் ஒத்துப்போவது. திசை என்பதே இரு காதுக்கும் இடையிலான சின்ன வித்தியாசம்தானே. டிரைவர்களே ஒன்றுக்கொன்று மாறுபட்டால் கேம் அனுப்பிய வித்தியாசம் குலைந்துவிடும். இதை வீட்டிலேயே சோதிக்கலாம். 20 ஹெர்ட்ஸிலிருந்து 20,000 வரை மெல்ல ஏறும் 'சைன் ஸ்வீப்' ஒலி இணையத்தில் எங்கும் கிடைக்கும். மோனோவில் ஓடவிட்டுக் கண்ணை மூடிக் கேளுங்கள். சத்தம் தலையின் நடுவிலேயே நிற்க வேண்டும். ஏறும் வழியில் எங்காவது இடப்பக்கமோ வலப்பக்கமோ நழுவினால், அந்த அதிர்வெண்ணில் டிரைவர்கள் ஒத்துப்போகவில்லை. மலிவான ஹெட்செட்டுகளில் பெரும்பாலும் இரண்டு மூன்று இடங்களில் நழுவும். புதிதாக வாங்கினால் திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் இதைச் செய்துவிடுங்கள்.

அடுத்தது திறந்த வகையா, மூடிய வகையா. திறந்த வகையில் கோப்பையின் வெளிப்பக்கம் சல்லடை மாதிரி இருக்கும். ஒலி விசாலமாகக் கேட்கும், காது அவ்வளவு வேர்க்காது. வெளிநாட்டுப் பரிந்துரைகள் பலவும் திறந்த வகையை ஆகா ஓகோ என்னும். அவர்கள் அறையில் மின்விசிறி ஓடாது. சென்னை மே மாதத்தில் ஐந்தாம் எண்ணில் சுற்றும் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து திறந்த ஹெட்போனில் காலடிச் சத்தம் தேடுவது வீண்பாடு. விசிறிச் சத்தம் அப்படியே உள்ளே வரும். உங்கள் கேமின் சத்தமும் அப்படியே வெளியே போய் அண்ணனை எழுப்பும். மூடிய வகை இரண்டையும் தடுக்கும், ஆனால் அரை மணியில் காதைச் சுற்றி நனைந்துவிடும். ரெக்சின் உறை போட்ட குஷன் என்றால் ஒன்றிரண்டு வருடத்தில் கறுப்புக் கறுப்பாக உரிந்து கன்னத்தில் ஒட்டும். கண்ணாடி போடுபவர்களுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. கோப்பை கண்ணாடிக் காம்பைப் பொட்டில் அழுத்தும், இரண்டு மணி நேரத்தில் தலைவலி வரும். காம்பு விலக்கும் இடைவெளி வழியே பேஸும் கசியும்.

அதனால் உங்கள் நிலைமைக்கு நான் சொல்வது காதுக்குள் செருகும் இயர்போன். கேமிங் என்றாலே தலையில் பெரிதாக மாட்டிக்கொள்ள வேண்டும் என்று ஒரு நினைப்பு நமக்கு. பெரிய போட்டிகளின் மேடையைக் கவனித்துப் பாருங்கள், பல ஆட்டக்காரர்கள் காதுக்குள் இயர்போன் போட்டு, அதில்தான் கேமைக் கேட்கிறார்கள். மேலே மாட்டியிருக்கும் பெரிய ஹெட்செட் கூட்டத்தின் சத்தத்தைத் தடுக்கத்தான். ரப்பர் முனை காதில் சரியாகப் பொருந்தினால் விசிறிச் சத்தம் பெருமளவு அடங்கிவிடும், வேர்வை இல்லை, கண்ணாடிக்கும் இடைஞ்சல் இல்லை, அண்ணனும் தூங்கலாம். பொருந்துவதுதான் முக்கியம். பெட்டியில் வரும் மூன்று அளவு முனைகளையும் போட்டுப் பாருங்கள். இரு காதுக்கும் ஒரே அளவுதான் வேண்டும் என்றில்லை. பேஸ் சட்டென்று மறைந்தால் முனை சரியாக அடைக்கவில்லை என்று அர்த்தம்.

அப்புறம் ஓம் கணக்கு, அதாவது ஹெட்போனின் மின்தடை. "250 ஓம் ஹெட்போனுக்கு ஆம்ப் (ஒலிப் பெருக்கி) இல்லாமல் முடியாது" என்று எங்கும் எழுதியிருக்கும், அதைப் படித்துத்தான் பலர் சவுண்ட் கார்டு பக்கம் போகிறார்கள். ஓம் மட்டும் பார்த்தால் எதுவும் தெரியாது, கொடுக்கும் மின்திறனுக்கு எவ்வளவு சத்தம் எழுப்பும் என்ற உணர்திறனையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பேயர்டைனமிக் டிடி 990 ப்ரோவின் 250 ஓம் மாடலை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மில்லிவாட்டுக்கு 96 டெசிபல் என்பது நிறுவனம் தரும் எண். 250 ஓமில் ஒரு மில்லிவாட் ஓட 0.5 வோல்ட் போதும். 1 வோல்ட் கொடுத்தால் நான்கு மில்லிவாட், அதாவது 6 டெசிபல் கூடுதல், மொத்தம் 102. கேமில் வெடிச் சத்தத்தின் உச்சிக்கு அது போதும். அதே 96 டெசிபல் எண்ணுள்ள டிடி 770 ப்ரோ 32 ஓம் மாடலுக்கு 1 வோல்ட் கொடுத்தால் 31 மில்லிவாட், 111 டெசிபல். சென்ஹைசர் ஹெச்டி 560எஸ் 120 ஓம் என்றாலும் 1 வோல்ட்டுக்கு 110 டெசிபல் தரும். வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்பவருக்கு 80 டெசிபலைத் தாண்ட வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆக, 1 வோல்ட் தரும் எந்தச் சாதனமும் இவற்றுக்குப் பெரும்பாலும் போதும். கையடக்கமான டாங்கிள்களே 1 வோல்ட் தருகின்றன.

மதர்போர்டு ஜாக்கில் வேறொரு விஷயம் கவனிக்க வேண்டும். அதன் வெளியீட்டு மின்தடை சில போர்டுகளில் 75 ஓம் வரைகூட இருக்கும். ஹெட்போனின் ஓம், வெளியீட்டு மின்தடையைப் போல எட்டு மடங்காவது இருந்தால் நல்லது என்பது நடைமுறை விதி. 32 ஓம் ஹெட்போனை அப்படிப்பட்ட ஜாக்கில் செருகினால் சத்தம் குறையும். மாடலைப் பொறுத்து பேஸ் தேவையில்லாமல் உப்பவும் செய்யலாம். டாங்கிள்களில் இந்தத் தடை பொதுவாக ஓரிரு ஓம்தான்.

உங்கள் ஏஎல்சி887 சிப்பைப் பற்றி ஒரு வார்த்தை. அதன் சிக்னல்-இரைச்சல் விகிதம் தாளில் சுமார் 97 டெசிபல், விலை உயர்ந்த போர்டுகளில் வரும் ஏஎல்சி1220-க்கு 120. 16 பிட் ஒலியின் எல்லையே 96 டெசிபல்தான். மின்விசிறி ஓடும் அறையில் உட்கார்ந்துகொண்டு 97-க்கும் 120-க்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பவரை நான் பார்த்ததில்லை. விண்டோஸ் சவுண்ட் அமைப்பில் 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் வைத்துவிட்டு மறந்துவிடுங்கள். 192 கிலோஹெர்ட்ஸ் வைப்பதால் கேமில் எந்த லாபமும் இல்லை.

அப்படியென்றால் கீச்சொலி ஏன்? சிப் காரணமில்லை, கம்பி காரணம். முன் ஜாக்கிலிருந்து ஒரு மெல்லிய கம்பி கேபினட்டுக்குள் வளைந்து நெளிந்து, கிராஃபிக்ஸ் கார்டுக்குக் கீழே புகுந்து, போர்டின் மூலைக்குப் போகிறது. கிராஃபிக்ஸ் கார்டு இழுக்கும் மின்சாரம் நொடிக்கு நொடி ஏறி இறங்கும்போது அந்த அசைவு இந்தக் கம்பியிலும், பொதுவான கிரவுண்டிலும் ஏறிவிடுகிறது. சோதித்துப் பாருங்கள். கேமின் மெனுவில் ஃப்ரேம் வேகம் கட்டுப்பாடில்லாமல் 300, 400 என்று ஓடும்போது கீச்சு கூடும். மெனு ஃப்ரேம் வேகத்தை 60-க்குக் கட்டினால் அதன் சுருதி மாறும் அல்லது அடங்கும். டெஸ்க்டாப்பில் மவுஸை நகர்த்தினால் கூடவே 'கிர்ர்' என்று கேட்டாலும் அதே கதைதான். அடுத்து, பின்பக்கப் பச்சை ஜாக்கில் செருகுங்கள். பலருக்குக் கீச்சு அங்கேயே நின்றுவிடும். ஐம்பது ரூபாய் எக்ஸ்டென்ஷன் கம்பியோடு வேலை முடிந்தது.

பின்பக்கமும் கேட்டால் யூஎஸ்பி டாங்கிள். கணினியிலிருந்து எண்களாக வெளியே வந்து, கேபினட்டுக்கு வெளியே ஒலியாக மாறுவதால் உள்ளே நடக்கும் மின் இரைச்சல் பெரும்பாலும் ஒட்டாது. இங்கே ஒரு முரணைக் கவனியுங்கள். ஸ்லாட்டில் செருகும் சவுண்ட் கார்டு அதே கேபினட்டுக்குள், அதே கிராஃபிக்ஸ் கார்டுக்குப் பக்கத்தில்தான் உட்காரும். இரைச்சலிலிருந்து தப்பிக்க அதை வாங்குவது புத்திசாலித்தனம் இல்லை. பருமனான கிராஃபிக்ஸ் கார்டு போட்ட சின்ன போர்டுகளில் அதற்கு ஸ்லாட்டே மிஞ்சாது.

கீச்சு இல்லாமல், 'ம்ம்ம்' என்று அடித்தொனியில் ஒரு முனகல் கேட்டால் அது வேறு நோய். இரும்பு கேபினட்டைப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். 'சுர்ர்' என்று எறும்பு ஊர்வது போல இருந்தால் எர்த் இல்லை. பவர் சப்ளையின் உள்ளே இரைச்சலை எர்த்துக்குக் கடத்த வைத்திருக்கும் கெபாசிட்டர்கள், எர்த் இல்லாதபோது கேபினட்டையே 230 வோல்ட்டில் பாதி அளவுக்குத் தூக்கி நிறுத்திவிடும். மின்னோட்டம் மிகச் சிறியது என்பதால் ஆளைத் தூக்கி அடிக்காது, ஆனால் மைக்கில் முனகல் ஏறும். மூன்று ஓட்டை உள்ள எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், சுவரில் எர்த் கம்பி இணைக்காத பிளக் பாயிண்ட் என்ற ஜோடி நம் ஊர் வாடகை வீடுகளில் சகஜம். இதற்கு டாங்கிள் மருந்தில்லை, எலக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டும்.

டாங்கிளில் எது என்றால், ஆப்பிளின் யூஎஸ்பி-சி இலிருந்து 3.5 மி.மீ. அடாப்டர். சுமார் ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் இந்தச் சின்ன வாலுக்குள் முழு ஒலிச் சிப்பே இருக்கிறது. ஐரோப்பாவுக்கான மாடல் தவிர மற்றது 1 வோல்ட் தரும். விண்டோஸில் தனியாக டிரைவர் மென்பொருள் தேவையில்லை. கணினியில் டைப்-சி இல்லையென்றால் சி-யிலிருந்து ஏ-வுக்கு மாற்றும் குட்டி இணைப்பி ஒன்று வேண்டும். இதைவிட ஒரு படி மேலே போக நினைப்பவர்களுக்கு சவுண்ட் பிளாஸ்டர் ஜி6 போன்ற வெளிப்பெட்டிகள் உண்டு. காலடியைத் தூக்கிக் காட்டும் 'ஸ்கவுட் மோட்', ஒலியளவுக் குமிழ் எல்லாம் அதில் இருக்கும். வசதிதான். உங்கள் பட்ஜெட்டில் ஹெட்போனுக்கான பணத்தை அது தின்றுவிடும். ஸ்லாட்டில் செருகும் கார்டு இன்று யாருக்குத் தேவை என்றால், பழைய 5.1 ஸ்பீக்கர் செட்டை அனலாக் கம்பிகளில் இணைத்து வைத்திருப்பவருக்கு. அவரிலும் பாதிப் பேருக்கு மதர்போர்டே போதும்.

வாங்கிய பிறகு எல்லாரும் மாட்டிக்கொள்வது ஜாக்கில் செருகும் 'பின்' விஷயத்தில். செல்போன் இயர்போனின் முனையில் மூன்று கறுப்பு வளையம், நான்கு தொடுமுனை: இடது, வலது, கிரவுண்ட், மைக். கணினியின் பச்சை ஜாக் மூன்று தொடுமுனைக்கானது, மைக்குக்குத் தனியாக இளஞ்சிவப்பு ஜாக். நான்கு முனைப் பின்னை நேராகப் பச்சையில் செருகினால் ஒலி வரும், மைக் வேலை செய்யாது. 'மைக் போச்சு' என்று திருப்பி அனுப்புபவர்கள் ஏராளம். இதற்கு ஒய் ஸ்ப்ளிட்டர் என்று கேளுங்கள். சென்னை ரிச்சி தெருவில் எந்தக் கடையிலும் நூறு ரூபாய் சுற்றில் கிடைக்கும். ஒரு ஹெட்செட்டின் ஒலியையும் மைக்கையும் இரண்டாகப் பிரிப்பதா, இரண்டு பேர் ஒன்றாகக் கேட்பதற்கா என்று கடைக்காரர் கேட்பார். முதலாவதுதான் வேண்டும், இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். ஆப்பிள் டாங்கிள் வாங்கினால் இந்தக் கவலையே இல்லை, அது நான்கு முனைப் பின்னை அப்படியே ஏற்கும்.

புளூடூத் ஹெட்போனில் ஆட வேண்டாம். சாதாரண புளூடூத்தில் ஒலி 150 மில்லி விநாடிக்கும் மேல் தாமதமாக வருவது சகஜம். எதிரி மூலையைத் திரும்பிய பிறகு காலடி கேட்டு என்ன பயன்? மைக்கை ஆன் செய்த அடுத்த கணம் ஒலி பழைய டெலிபோன் தரத்துக்கு இறங்குவது அதைவிடக் கொடுமை. வயர் வேண்டாம் என்றால் 2.4 கிகாஹெர்ட்ஸ் டாங்கிளோடு வருவது மட்டும். உங்கள் பட்ஜெட்டில் அதற்குப் போகும் பணம் ஒலித் தரத்திலிருந்துதான் வெட்டப்படும்.

'லவுட்னஸ் ஈக்வலைசேஷன்' பற்றியும் நிறையப் பேர் கேட்கிறார்கள். மெல்லிய சத்தத்தைத் தூக்கி, பலத்த சத்தத்தை அமுக்கும் வசதி. காலடி பளிச்சென்று கேட்கும், உண்மைதான். ஆனால் பத்தடி தள்ளி நடப்பவனும் நாற்பதடி தள்ளி நடப்பவனும் ஒரே சத்தத்தில் கேட்பார்கள். தூரம் தெரிய வேண்டுமென்றால் ஆஃப் செய்துவிட்டு, ஈக்வலைசர் ஏபிஓ என்ற இலவச மென்பொருளில் பேஸைக் கொஞ்சம் இறக்குங்கள். 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே நான்கைந்து டெசிபல் இறக்கினாலே வித்தியாசம் தெரியும்.

இப்போது பட்டியல். விலை மாதத்துக்கு மாதம் மாறும், ஆகவே தோராயமாகச் சொல்கிறேன். உங்களுக்கு என் முதல் தேர்வு மூன்டிராப் சூ 2 மாதிரி, ஒற்றை டைனமிக் டிரைவர் உள்ள, இரண்டாயிரம் ரூபாய் சுற்றில் கிடைக்கும் இயர்போன், மைக் உள்ள கம்பியோடு. கூடவே ஆப்பிள் டாங்கிள். மூவாயிரத்துச் சொச்சத்தில் முடிந்துவிடும். காதுக்குள் எதையும் செருகப் பிடிக்காது என்றால் ஹைப்பர்எக்ஸ் கிளவுட் 2. சீனாவின் டாக்ஸ்டார் ப்ரோ 80 என்ற ஸ்டூடியோ ஹெட்போனின் உடம்பில் மைக்கைச் சேர்த்துப் பிறந்த வம்சம் அது, அதனால்தான் கேமிங் ஹெட்செட்டுகளில் இதன் ஒலி ஓரளவு ஒழுங்காக இருக்கிறது. அதோடு வரும் யூஎஸ்பிப் பெட்டியின் 7.1 பொத்தானை மட்டும் அமுக்காதீர்கள். பெட்டியில் துணிக் குஷன் இருந்தால் வெயில் காலத்தில் அதை மாட்டிக்கொள்ளுங்கள். தனி அறையும் ஏசியும் வாய்க்கும் காலத்தில் திறந்த வகையான ஹெச்டி 560எஸ் வாங்கலாம், இன்றைய பட்ஜெட்டுக்கு அது எட்டாது.

மைக்கில் நண்பர்கள் குறை சொன்னால், மீதிப் பணத்தில் மேஜையில் வைக்கும் ஒரு யூஎஸ்பி மைக் வாங்குங்கள். மின்விசிறிக் காற்று நேராக அடிக்காத பக்கம், வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் வையுங்கள். கீபோர்டு மைக்கின் பின்பக்கம் வரும்படி திருப்பி வைத்தால் தட்டும் சத்தமும் பாதியாகக் குறையும்.